தொட்டவர் நோட்டு

எங்கள் ரோபோவுக்கு இரண்டு மோட்டார், நான்கு சக்கரம், முன்னால் பொருளைத் தள்ள ஒரு கை, அடியில் தரையைப் பார்க்க ஒரு கண். அதைத் தொடுவதற்கென்று தனியாக ஒரு நோட்டு. ரோபோவைச் செய்தது பிள்ளைகள். நோட்டை ஏற்பாடு செய்தது நான். இரண்டில் எது ஒழுங்காக வேலை செய்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், போட்டி நாள் காலை வரைக்கும் நோட்டுதான் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ரோபோவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆஸ்டின் டவுனில் நான் படித்த பள்ளிக்கு யாரோ இரண்டு பெட்டி ரோபோ சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைமை ஆசிரியை எனக்குப் போன் செய்தார். "நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே? சனிக்கிழமை வா." ஏழாம் வகுப்பில் என்னை முட்டி போட வைத்தவர் அவர். முடியாது என்று அவரிடம் சொல்லும் பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

குழுவில் மூன்று பேர். எட்டாம் வகுப்பு நெட்டையன்; எதைப் பார்த்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றுவான், அதைத் திரும்ப மாட்டவும் தெரிந்தவன் என்பதால் சேர்த்துக்கொண்டோம். ஆறாம் வகுப்பு வாயாடி; நடுவர்கள் கேள்விக்குப் பதில் சொல்வது அவள் பொறுப்பு. தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் திரும்பி இங்கிலீஷில் போய் முடிப்பாள், நடுவில் மூச்சு விட மாட்டாள். மூன்றாவது, ஏழாம் வகுப்பில் படிக்கும் பெண். புரோகிராம் எழுதியது அவள். ஒரு வாக்கியத்துக்கு நான்கு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவள். மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொன்னாள். வேறொரு பள்ளிப் பையன் நெட்டையனிடம் வந்து, "புரோகிராம் நீயா எழுதினே?" என்று கேட்டபோது, நடுவில் புகுந்து, "நான். எல்லாமே நான்தான்" என்றாள். ஐந்து வார்த்தைகூட ஆகவில்லை.

நோட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர்; மீட்டரில் ஓடும் எண்கள் தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருந்ததில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவின் பாதி விண்ணப்பங்கள் என் கையெழுத்தில்தான் போயின. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஆபீசர்கள் தலையாட்டினார்கள். அதே விஷயத்தை என் அப்பா வாயால் சொன்னபோது அவர்கள் தலை அசையவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எழுத்தின் மேல் என்ன மாதிரி நம்பிக்கை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் சனிக்கிழமையே கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டேன்: எழுதினது நடந்தது. எழுதாதது நடக்கவில்லை.

ரோபோவை யார் தொட்டாலும் நோட்டில் எழுத வேண்டும். நான்கு கட்டம்: நேரம், யார், என்ன செய்தார், காரணம். பிள்ளைகள் அதற்குத் 'தொட்டவர் நோட்டு' என்று பெயர் வைத்தார்கள். ரோபோவுக்கு வைத்த பெயர் 'வண்டி'. ரோபோ என்று சொல்லுங்கள் என்று மூன்று மாதம் திருத்திப் பார்த்தேன். "சரி சார், ரோபோ. வண்டியை எடுக்கட்டுமா?" என்பார்கள்.

காரணக் கட்டத்தில்தான் தகராறு. வாயாடி முதல் நாள் எழுதியது: "கையைத் தொட்டேன். காரணம்: சும்னே." சும்மா என்பதைப் பெங்களூரில் அப்படித்தான் சொல்வோம். சும்னே என்று உலகத்தில் ஒரு காரணம் கிடையாது என்று இருபது நிமிஷம் பேசினேன். அடுத்த வாரம் அவள் எழுதியது: "காரணம்: கணக்கு மிஸ் சொன்னாங்க." அதற்கும் விடவில்லை. "யாரு சொன்னாங்கன்றது காரணம் இல்லம்மா. நீ ஏன் செஞ்சேன்றதுதான் காரணம்" என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை, மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொள்ளும் பாவனையோடு, என் குரலிலேயே சொல்லிக் காட்டுவது அவர்களுடைய இடைவேளைப் பொழுதுபோக்கு ஆனது.

ஆயுத பூஜை சமயத்தில் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்து நின்றார்கள். வண்டி என்று சொல்லிவிட்ட பிறகு பூஜை போடாமல் எப்படி? நான் தடுத்துவிட்டேன். இது அறிவியல், சென்சர் என்பது கண், கண்ணில் தூசி பட்டால் கறுப்புக் கோடு எது, வெள்ளைத் தரை எது என்று தெரியாது, மெஷினுக்குத் திருஷ்டியும் கிடையாது, தெய்வ கடாட்சமும் கிடையாது. நெட்டையன் முகம் தொங்கிப் போனது. எலுமிச்சம்பழத்தை, சனிக்கிழமைகளில் எங்களுக்குத் துணைக்கு வரும் கணக்கு மிஸ் ஜூஸ் போட்டுக் குடித்தார். புரோகிராம் எழுதும் பெண் மட்டும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றைப் பென்சில் பாக்ஸில் வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தடவை சென்சரைத் துடைத்து நோட்டில் எழுதுவாள். "சார் சொன்னது கரெக்ட்" என்றாள் மற்ற இருவரிடம். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

போட்டி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில். பிள்ளைகள் பள்ளியில் வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். ஏழு பத்துக்குச் சென்சர் துடைத்தாயிற்று, எழுதியாயிற்று, பெட்டி மூடியாயிற்று. அவர்கள் நோட்டோடு கணக்கு மிஸ்ஸுடன் மெட்ரோவில் போக, நெரிசலில் நசுங்கிவிடக் கூடாது என்று ரோபோவை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் ஆட்டோவில் கிளம்பினேன்.

வழியில் வீட்டு வாசலில் நின்று கிளம்பும்போது அம்மா சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை என் சட்டைப்பையில் திணித்தார்.

"போட்டிக்குப் போற மெஷினுக்குப் பொட்டு வெக்காம எடுத்தும்போவாங்களா யாராச்சும்?"

"அம்மா, அதெல்லாம் வெக்கக் கூடாது."

"சரி, வெக்காத. பையிலயே இருக்கட்டும்."

அம்மா இப்படி உடனே ஒத்துக்கொண்டால் அது ஒத்துக்கொண்டது ஆகாது. அது எனக்குத் தெரியும்.

மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே எல்லா வண்டிகளும் நின்றன. ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே மூன்று குங்குமப் பொட்டுகள், நடுவில் சந்தனம். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அவை அங்கேயே இருக்கின்றன. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அம்மா குடுத்தத வெச்சியா?"

"இல்லப்பா. நான் அதெல்லாம் நம்பறதில்ல."

"நீ படிச்சவன்டா, நீ நம்ப வேணாம். மெஷின் படிச்சுதா?"

மடியில் பெட்டி, அதற்குள் மூன்று மாதம், எதிரே நகராத வண்டிகள். ஒன்பது மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பெட்டியைத் திறந்தேன். பொட்டலத்தையும் பிரித்தேன். மேலே வைத்தால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். நான் பேசிய பேச்சுக்கு முகத்தில் எப்படி முழிப்பது? ரோபோவைத் திருப்பி, யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு பொட்டை வைத்து அழுத்தினேன். சிக்னல் விழுந்தது. ஆட்டோ ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. என் விரலும் ஒரு இழுப்பு இழுத்தது. பெட்டியை மூடிவிட்டேன். மணி எட்டு இருபது.

நோட்டு மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தது. எழுத முடியவில்லை. எழுதியிருக்கவும் மாட்டேன்.

போட்டியில் இரண்டு சுற்று. இரண்டில் எது நல்ல ஓட்டமோ அதற்குத்தான் மதிப்பெண். பெரிய மேசை மேல் விரிப்பு. அதில் கறுப்புக் கோடு. ரோபோ கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஐந்து கட்டைகளைத் தள்ளி அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். கடைசியில் ஒரு சிவப்புக் கட்டம்; அதைப் பார்த்ததும் நிற்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு பயிற்சியாளர்கள் ரோபோவின் மேல் கை வைக்கக் கூடாது, வைத்தால் குழு வெளியே. அதை ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் சொன்னார்கள்.

முதல் சுற்றில் புரோகிராம் எழுதிய பெண் பொத்தானை அமுக்கினாள். ரோபோ ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. வேலை முடிந்துவிட்ட திருப்தியோடு, நாங்கள் சேர்த்துவைத்திருந்த வெற்றி இசையை ஒருமுறை வாசித்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மறுபடி அமுக்கினாள். மறுபடி ஒரு விரற்கடை, மறுபடி இசை. மூன்றாவது தடவையும் அதே. நேரம் முடிந்தது. பூஜ்யம்.

சிவப்பைப் பார்த்தால் நில், இசையை வாசி. அதுதான் புரோகிராம். ரோபோ சொன்னதைச் செய்தது. எங்கே பார்த்தாலும் அதற்குச் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு அந்த இரண்டாவது இசையிலேயே புரிந்துவிட்டது.

மூவரும் சுவரோரம் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன், ஏதாவது தப்பானால் முதலில் நோட்டு என்று. கடைசி வரி அவளுடையது: "7.10. சென்சர் துடைத்தேன். காரணம்: தூசி." அதற்குக் கீழே வெறுமை.

"கடைசியா தொட்டது நீதான்" என்றான் நெட்டையன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நோட்டில் இருந்ததைப் படித்தான்.

"சென்சர் சரியா இருக்கு. துடைச்சாச்சு. அப்போ புரோகிராம்தான் தப்பு" என்றாள் அவள். லேப்டாப்பைத் திறந்தாள். "எல்லாத்தையும் அழிச்சிடறேன் சார். முதல் வாரம் எழுதினது இருக்கு இல்ல, நேரா போய் ஒரு கட்டையைத் தள்ளும், அது போதும். அவனே பட்டன் அமுக்கட்டும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது சுற்றுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நான் சாமர்த்தியமாக இருக்கப் பார்த்தேன்.

"எதுக்கும் சென்சரை இன்னொரு தடவை துடைச்சுப் பாரேம்மா."

"துடைச்சிட்டேன் சார். எழுதியிருக்கு."

"தெரியும். இருந்தாலும் சும்மா ஒருக்கா..."

"சும்மாவா?" என்றாள் வாயாடி, கண்ணாடியே இல்லாத மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "சும்னேன்னு உலகத்துல காரணமே கிடையாது சார்."

"வழியில குலுங்கியிருக்கும்..."

"குலுங்கினா தூசி வராது சார், பெட்டி மூடியிருந்துச்சு. நோட்டுல இல்லாதது நடக்கல" என்றாள் புரோகிராம் எழுதியவள். திரையைப் பார்த்தபடியேதான் சொன்னாள். மூன்று மாதத்துப் புரோகிராம் முழுக்க நீலமாகத் தேர்வாகி நின்றது. இன்னும் ஒரு பொத்தான் பாக்கி.

பயிற்சியாளர் தொட்டால் குழு வெளியே. சொன்னால் மூன்று பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதாகலாம். சொல்லாவிட்டால் இவள் தன் கையால் அதை அழிப்பாள், தான் எழுதியது தப்பு என்று என்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள், அதற்கு ஆதாரமாக என் நோட்டையே காட்டுவாள்.

"இரு" என்றேன். "அந்த நோட்டைக் குடு."

பேனாவை வாங்கி அவளுடைய வரிக்குக் கீழே எழுதினேன். 8.20. சார். அடிப்பக்கம் குங்குமப் பொட்டு வைத்தேன். காரணக் கட்டத்தில் "அம்மா சொன்னார்கள்" என்று எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று தலைகளும் குனிந்து படித்தன. முதலில் வாயைத் திறந்தது, வாயாடி அல்ல, நெட்டையன்.

"பொட்டா? சார், நீங்களா?"

"பிடி சார்!" என்றாள் வாயாடி. விடுங்க சார் என்று அர்த்தம். அவள் சொன்ன விதத்தில் வேறு நிறைய அர்த்தமும் இருந்தது. "எங்க எலுமிச்சம்பழத்தைக்கூட விடலையே நீங்க!"

புரோகிராம் எழுதிய பெண் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"சார், இது யாரு சொன்னாங்கன்றது. காரணம் இல்ல."

நான் பேனாவைத் திரும்ப வாங்கினேன். "அம்மா சொன்னார்கள்" என்பதை அடித்தேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத எனக்குக் கிடைத்தது ஒரு வார்த்தைதான். பயம்.

அவள் அதைப் படித்தாள். லேப்டாப்பைத் திருப்பி வைத்து, தேர்வாகியிருந்ததை ஒரு தட்டில் விடுவித்தாள். நீலம் போய் எழுத்து மட்டும் நின்றது. பிறகு ரோபோவைக் கவிழ்த்தாள். பொட்டு ஓரமாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து சிவப்பாக ஒரு வால் புறப்பட்டு, சென்சர் கண்ணை நிறைத்துக்கொண்டு போயிருந்தது. பென்சில் பாக்ஸிலிருந்து துணியை எடுத்தாள்.

"சார்" என்று வாயாடி குரலைத் தாழ்த்தினாள். "இதை நடுவர்கிட்ட சொன்னா வெளிய தள்ளிடுவாங்க. அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடலாமா?"

"எழுதியாச்சு" என்றாள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நடுவர் ஒரு அம்மா. கதர்ப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கன்னடக்காரர். நோட்டை வாயாடி எடுத்துப் போனாள். நான் நான்கடி தள்ளி, பரீட்சை அறைக்கு வெளியே நிற்கும் அப்பாவைப் போல நின்றேன். அவள் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். என் கை எப்படி இழுத்தது என்பதை, பார்க்காத விஷயத்தை, நடித்தும் காட்டினாள். நடுவர் அம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். எட்டு இருபது; பதிவு முடிந்தது எட்டு ஐம்பது. விதி பதிவுக்குப் பிறகுதான். குழு உள்ளேயே இருக்கலாம். ஆனால் குறிப்பேட்டுக்கென்று தனி மதிப்பெண் உண்டு. தாமதமாக எழுதியதற்கு அதில் இரண்டு குறைப்பேன் என்றார்.

"எங்க சாருக்கா மேடம், எங்களுக்கா?" என்று கேட்டாள் வாயாடி.

"குழுவுக்கு" என்றார். "அவரும் குழுதானே."

இரண்டாவது சுற்றில் பொத்தானைப் புரோகிராம் எழுதியவளே அமுக்கினாள். வண்டி கோட்டைப் பிடித்தது. ஆமாம், வண்டி என்றுதான் வருகிறது, இனி திருத்தப்போவதில்லை. முதல் வளைவு, முதல் கட்டை, இரண்டாவது. நான்காவது கட்டைவரை ஒழுங்காகப் போனது. ஐந்தாவதைக் கை தட்டிவிட்டு உருட்டியது. அது முந்தின வாரமும் உருட்டிய கட்டைதான், அதற்கு எந்தப் பொட்டும் காரணமில்லை. சிவப்புக் கட்டத்துக்கு வந்து, இந்த முறை நிஜச் சிவப்பைப் பார்த்து, நின்று, இசையை வாசித்தது. அவள் கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "புரோகிராம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அடுத்த கட்டத்துக்கு நாங்கள் தேர்வாகவில்லை. பட்டியலில் நடுவில் எங்கேயோ இருந்தோம். அந்த இரண்டு மதிப்பெண் இருந்தாலும் தேறியிருக்க மாட்டோம் என்று நெட்டையன் மூன்று தடவை கூட்டிப் பார்த்து எனக்கு ஆறுதல் சொன்னான்.

திரும்பும்போது வண்டியை விட்டு வரமாட்டோம் என்று மூவரும் அடம்பிடித்தார்கள். கணக்கு மிஸ் அவரவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மெட்ரோவில் போனார். ஆட்டோவின் பின் சீட்டில் மூன்று பிள்ளைகளும் பெட்டியும். எனக்கு மிஞ்சியது ஓரத்தில் அரை இடம்.

"இன்னா ஆச்சு? ஜெயிச்சீங்களா?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் வாயாடி நோட்டைத் தூக்கினாள். "அங்கிள், இதைப் படிங்க!"

"எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்? நீயே படி."

அவள் படிக்க ஆரம்பித்தபோது, மற்றவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். "நான் படிக்கறேன்." சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். எட்டு இருபது. சார். அடிப்பக்கம் குங்குமப் பொட்டு வைத்தேன். காரணம், பயம்.

என் கையெழுத்தை அப்பா நிறையப் பார்த்திருக்கிறார். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"கண்ணுல போயி அப்பினியாடா?" என்றார். "குங்குமத்தைக் கண்ணுல அப்பினா நான்கூடத்தான் வண்டி ஓட்ட மாட்டேன். பொட்டு நெத்தியில வெக்கணும்டா. இவ்ளோ படிச்சிருக்கியே."

பின் சீட்டில் உடனே விவாதம் தொடங்கிவிட்டது. வண்டிக்கு நெற்றி எது? கைக்கு மேலேயா, மூடியிலா? கைக்கு மேலே வைத்தால் கட்டையில் ஒட்டும் என்றான் நெட்டையன். பேட்டரிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றாள் புரோகிராம் எழுதியவள். மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே ஆட்டோ மறுபடி நின்றபோது, பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு அவள் நோட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை.

4.40. நெற்றி: மேல் மூடி, பின்பக்கம். பொட்டு அங்கே மட்டும். சார் வைக்கலாம், வைத்ததும் எழுத வேண்டும். காரணம்: சாருக்குப் பயம் வந்தால்.